பழைய கார் இரும்பு, புதிய கார் தகரமா?

மார்கழிக் காலையில் பழைய கார் ஒன்றைக் கிளப்பியவர்கள் தாங்கள் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டார்கள். சோக் குமிழை இழுத்துப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை இரண்டு முறை மிதித்து, சாவியைத் திருப்ப வேண்டும். எஞ்சின் இருமி இருமி ஓடத் தொடங்கும்போது தெரு முழுக்கப் பெட்ரோல் வாடை அடிக்கும். "அந்தக் கார்கள் இரும்பு, இப்போது வருவதெல்லாம் தகரம்" என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பெட்ரோல் வாடையை மட்டும் ஆராய்ந்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. இந்தக் கலவையைத் தயாரிக்கும் பொறுப்பு கார்புரேட்டரிடம் இருந்தது. அதன் குறுகிய கழுத்தைக் கடக்கும் காற்று வேகமெடுக்கும். வேகமெடுத்த இடத்தில் அழுத்தம் குறையும். அந்த வெற்றிடத்தை நோக்கிச் சிறு துளை வழியே பெட்ரோல் உறிஞ்சப்படும். மின்சாரமோ கணினியோ இல்லாமல் இதைச் செய்தது உண்மையிலேயே அழகான பொறியியல். ஆனால் என்ன எரிகிறது, எவ்வளவு எரியாமல் போகிறது என்பது கார்புரேட்டருக்குத் தெரியாது. ஊட்டிக்கு ஏறினால் காற்று மெலிந்து, கலவையில் பெட்ரோல் மிகுந்துவிடும். குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் சோக்கை இழுத்துக் காற்றைக் குறைத்து, பெட்ரோலைத் தேவைக்கு மேல் உள்ளே விட வேண்டியிருந்தது.

எரியாமல் மிஞ்சிய பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து, அங்கே படிந்திருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். பிறகு பிஸ்டன் வளையங்கள் வெறும் உலோகத்தில் உரசும். பிளக்கிலும் வால்விலும் கரி படியும். எஞ்சினை இறக்கி, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சீராக்கும் ரீபோர் செய்வது அந்நாளில் எல்லா மெக்கானிக்குகளுக்கும் பழகிய வேலையாக இருந்ததற்கு இந்தத் தேய்மானம் ஒரு முக்கியக் காரணம்.

இந்த நிலையை மாற்றியது காற்று மாசுச் சட்டம் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமானது. புகைக்குழாயில் அமர்ந்து நச்சு வாயுக்களைச் சிதைக்கும் கருவி அது. ஈயம் அதன் மேல் படிந்து செயலிழக்கச் செய்யும் என்பதால் ஈயமில்லாப் பெட்ரோலும் கூடவே வந்தது. 2000-இல் புகை விதிகள் நாடு முழுவதும் இறுகின. மூன்று வகை நச்சு வாயுக்களையும் ஒருசேரச் சமாளிக்கும் மாற்றி, கலவை 14.7-ஐ ஒட்டியே இருந்தால்தான் வேலை செய்யும். கார்புரேட்டரால் அந்தத் துல்லியத்தைத் தர முடியாது. எனவே புகையில் எஞ்சும் ஆக்ஸிஜனை அளக்க ஓர் உணரி, அதைக் கேட்டு நொடிக்குப் பலமுறை பெட்ரோல் அளவைத் திருத்த ஒரு சிறு கணினி, பெட்ரோலைத் தூவ இன்ஜெக்டர் என எல்லாம் வந்து சேர்ந்தன. நுரையீரலைக் காக்க எழுதிய விதி, சிலிண்டரின் ஆயுளையும் சேர்த்து நீட்டியது.

துருவின் கதையும் மாறியது. இன்று காரின் வெற்றுடலை அப்படியே வண்ணத் தொட்டியில் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். மின்னூட்டம் பெற்ற வண்ணத் துகள்கள், துப்பாக்கியால் தெளித்தால் எட்டாத மூலை முடுக்குகளிலும் போய் ஒட்டிக்கொள்கின்றன. துத்தநாகம் பூசிய தகடாக இருந்தால் துத்தநாகம் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். கதவின் அடிப்பகுதியை வெட்டிப் புதுத் தகடு வைத்து, பட்டி பூசித் தேய்க்கும் டிங்கர் வேலை இதனால்தான் குறைந்தது.

சரி, மோதினால்? மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், முன்பகுதி 20 சென்டிமீட்டர் மட்டும் நசுங்கி நின்றால், உள்ளிருப்பவர் மீது புவியீர்ப்பைப் போல் ஐம்பது மடங்கு விசை விழும். 60 சென்டிமீட்டர் நசுங்கினால் அது பதினாறு மடங்காகக் குறையும். நசுங்காத இரும்பு, அடியை மனிதர்களிடம் அனுப்பிவிடுகிறது. முன்பகுதி நசுங்க வேண்டும், பயணியர் கூண்டு நசுங்கக் கூடாது. இதைச் செய்யாத புதிய கார்களும் இருந்தன: 2014-இல், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திர மதிப்பீடு தரும் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து சிறிய கார்களை ஏர்பேக் இல்லாத நிலையில் மோதிப் பார்த்தபோது ஐந்தும் பூஜ்யம் வாங்கின. அப்போது 'தகரம்' என்ற ஏச்சில் நியாயம் இருந்தது. 2018-இல் அதே அமைப்பின் சோதனையில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் பெற்றது.

இவ்வளவும் சேர்ந்தும் விலை ஏறியதா? 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 சுமார் ஐம்பதாயிரம் ரூபாய். அன்று பவுன் ஏறத்தாழ 1,450 ரூபாய், ஆக ஒரு காருக்கு முப்பத்தைந்து பவுன்! தங்கம் மற்ற பொருள்களைவிட வேகமாக ஏறியது என்பதால் அந்தக் கணக்கை முழுதாக நம்பிவிடக் கூடாது. பொது விலைவாசியை எடுத்தால் அன்றிலிருந்து பதினைந்து மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. அதன்படி அந்தக் கார் இன்று ஏழரை லட்சத்தையாவது தொட வேண்டும். ஆனால் ஏர்பேக்குகளுடன் ஐந்து லட்சத்துக்குள்ளேயே புதிய கார் கிடைக்கிறது. தகடு அழுத்தும் அச்சு ஒன்றைச் செய்யவே பெருந்தொகை ஆகும். அந்தத் தொகையை ஆயிரம் காருக்குப் பங்கிடுவதும் பத்து லட்சம் காருக்குப் பங்கிடுவதும் ஒன்றல்ல. 1993-இல் கார் உற்பத்திக்கான உரிமக் கட்டுப்பாடு நீங்கிப் போட்டி வந்ததும், சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் உள்ளது போன்ற கார் ஆலைகளைச் சுற்றியே உதிரிபாகத் தொழிற்சாலைகள் முளைத்ததும் அந்தப் பங்கைச் சுருக்கின.

விலை உண்மையில் ஏறியிருப்பது பழுதுபார்ப்பில். முன்பு கார்புரேட்டர் அடைத்தால் பெட்ரோல் வரும் துளையுள்ள ஜெட்டைக் கழற்றி வாயால் ஊதிவிட்டுப் போகலாம். இன்று ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள துளையில் கருவியைச் செருகி, கணினி என்ன பிழை சொல்கிறது என்று மெக்கானிக் முதலில் படிக்க வேண்டும். அந்தக் கருவியை வாங்க முடியாத சாலையோரப் பட்டறைக்காரர், முப்பது வருட அனுபவத்தோடு, டயர் மாற்றுவதிலும் ஆயில் மாற்றுவதிலும் நின்றுவிடுகிறார்.