குடும்ப முத்திரைக்குள் பிறந்த தேதியை ஒளிக்காதீர்கள்

மதுரையில் புதுவீடு கட்டுகிறவர்கள் இப்போதெல்லாம் குடும்ப முத்திரை ஒன்றும் கேட்கிறார்கள். வெளிக்கேட்டில் லேசர் கட்டிங், கிரகப்பிரவேசப் பத்திரிகையில் தங்க ஃபாயில் அச்சு, காரின் பின்கண்ணாடியில் ஸ்டிக்கர் என்று எல்லாவற்றிலும் அதே டிசைன். பத்திரிகையும் லோகோவும் டிசைன் செய்து பிழைக்கிற எனக்கு இது நல்ல வரும்படிதான். கூடவே வரும் ஒரு கோரிக்கைதான் இதை எழுத வைக்கிறது: "பாத்தா சாதாரணமா இருக்கணும்ணே. உள்ளுக்குள்ள எங்களுக்கு மட்டும் தெரியுற மாதிரி ஏதாச்சும் வைங்க."

ஆசையில் தப்பில்லை. முத்திரைக்குள் சேதி வைப்பது நம் பக்கம் பழைய சங்கதி. ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில், உட்கார்ந்திருக்கும் புலியோடு இரண்டு மீனும் வில்லும் இருக்கும். பாண்டியனும் சேரனும் எனக்குக் கீழே என்று படத்திலேயே சொல்லியாகிவிட்டது. நம்ம மீனை அங்கே பார்க்க மதுரைக்காரனுக்குக் கொஞ்சம் வலிக்கும். டிசைனராக நான் மெச்சத்தான் வேண்டும். இங்கிலாந்தில் 2011இல் இளவரசர் வில்லியமை மணந்த கேட் மிடில்டனின் கல்யாணத்தை ஒட்டி அவர் குடும்பத்துக்கு வழங்கப்பட்ட இலச்சினையில் மூன்று ஓக் கொட்டைகள், மூன்று பிள்ளைகளுக்காக. நடுவில் ஒரு தங்கநிறப் பட்டை, தாயின் பிறந்தவீட்டுப் பெயர் கோல்ட்ஸ்மித் என்பதற்காக. தெரிந்தால் ரசிக்கலாம், தெரியாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

சிக்கல் எண்களில்தான் ஆரம்பிக்கிறது. 2010இல் கனடாவின் கவர்னர் ஜெனரலான டேவிட் ஜான்ஸ்டனின் இலச்சினையில், அடியில் அலைபோல ஒரு பட்டை ஓடும். அதில் 33 இலக்கங்கள், எல்லாம் ஒன்றும் பூஜ்யமும். தகவல் ஓட்டத்துக்கும் டிஜிட்டல் தொடர்புக்கும் அது அடையாளம் என்பதுதான் அதிகாரபூர்வ விளக்கம். ஆனாலும் இணையத்தில் ஆளாளுக்கு உட்கார்ந்து அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்கள். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றாகவே வருகிறது என்பதுவரை கண்டுபிடித்தார்கள். அதே வருஷம் அமெரிக்க ராணுவத்தின் சைபர் கமாண்ட் தன் சின்னத்தின் தங்க வளையத்துக்குள் 32 எழுத்துக் குறியீடு ஒன்றைப் பொடியாக எழுதிவைத்தது. வெளியே தெரிந்த சீக்கிரத்திலேயே, அது அந்த அமைப்பின் பணி அறிக்கையை எவ்வளவு பெரிய வாசகத்தையும் 32 எழுத்தாக்கும், திருப்பி அவிழ்க்க முடியாத எம்டி5 முறையில் சுருக்கிய வடிவம் என்று பிடித்துவிட்டார்கள். அறிக்கை எல்லோரும் பார்க்கக்கூடியதாக இருந்ததால் ஒப்பிட்டுப் பார்ப்பது சுலபமாகிவிட்டது. குறியீடு மாதிரி ஒன்று கண்ணில் பட்டால் மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது.

இதை வைத்துக்கொண்டு நம்ம ஊர்க் கேட்டுக்கு வாருங்கள். இலந்தைக்குளம் ஐடி பார்க்கில் வேலை செய்யும் ஒரு தம்பி, புள்ளிக்கோலம் மாதிரி ஒரு முத்திரை கேட்டார். நிரப்பிய புள்ளி ஒன்று, வெற்றுப்புள்ளி பூஜ்யம். வரிசைக்கு ஒருவராக அவர், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று நாலு பேர் பிறந்த தேதியும் உள்ளே. கீழே எல்லோர் பெயரும் ஆங்கிலத்தில். டிசைன் அழகாகத்தான் வந்தது. ஆனால் 10111 என்ற வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். இடமிருந்து 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு. ஒன்று நிற்கும் இடங்களைக் கூட்டினால் 23. அடுத்து 1011 என்றால் 11. நவம்பர் 23. பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிள்ளை தெருவில் நின்றே சொல்லிவிடும். "எம்டி5 மாதிரி திருப்பி அவிழ்க்க முடியாததாப் போட்டா?" என்றார். நூறு வருஷத்துக்கு மொத்தம் 36,525 நாள்தான். அத்தனை தேதியையும் எம்டி5 ஆக்கி ஒப்பிட்டுப் பார்க்க சாதாரண லேப்டாப்புக்கு ஒரு நொடிகூட ஆகாது.

பிறந்த தேதி தெரிந்தால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்பார்கள். இ-ஆதார் பிடிஎஃப்பைத் திறக்கும் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நாலு ஆங்கில எழுத்தும் பிறந்த வருஷமும். வங்கி ஸ்டேட்மென்ட்கள் பலவற்றுக்கும் பிறந்த தேதிதான் சாவி. அந்த பிடிஎஃப் அடுத்தவன் கையில் எப்படிப் போகும் என்பவர்கள் ஒரு ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரின் டவுன்லோடு போல்டரை எட்டிப் பார்க்கட்டும். பிரின்ட் எடுத்துவிட்டு அழிக்காமல் போன ஆதார்கள் வரிசையாகக் கிடக்கும். பெயரும் பிறந்த வருஷமும் ஒரே கேட்டில் தொங்கினால் பூட்டும் சாவியும் ஒரே திண்ணையில் இருப்பது மாதிரிதான். அந்தத் தம்பி தேதிகளை எடுத்துவிடச் சொன்னார்.

அப்புறம் என்னதான் வைப்பது? எந்தப் படிவத்திலும் கேட்காத விஷயம் எதையாவது வையுங்கள். நான் செய்ததில் எனக்குப் பிடித்தது சுங்குடிக்காரர் வீட்டு முத்திரை. முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்து அவிழ்க்கும்போது விழும் புள்ளி காம்பஸில் போட்ட வட்டமாக இருக்காது. ஓரம் நசுங்கி, நடுவில் துளி நிறம் தங்கியிருக்கும். அந்த வீட்டம்மா கையால் முடிந்த பழைய சேலையை ஸ்கேன் செய்து, அந்த நசுங்கல் மாறாமல் புள்ளிகளை எடுத்தோம். பார்க்கிறவர்களுக்கு அது பூ வளையம். அவர் பிள்ளைகளுக்கு அம்மா கை.

சில சின்னங்களை நான் தொடுவதே இல்லை. ஓய்வுபெற்ற அதிகாரிகள் நாலு சிங்கத்தைக் கேட்டு வருவார்கள். அரசுச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டு வருஷம்வரை சிறை, 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. 2007இல் வந்த விதிகள் முன்னாள் அமைச்சர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் என்று பெயர்சொல்லியே தடுக்கின்றன. "கொஞ்சம் மாத்திப் போடுங்க" என்றாலும் கதை அதேதான். சாயலில் வரைந்ததையும் சட்டம் விடாது. டாக்டர் வீடுகளில் செஞ்சிலுவை கேட்பார்கள். 1960ஆம் ஆண்டு ஜெனிவா ஒப்பந்தச் சட்டப்படி அதுவும் ஆகாது. இறக்கை முளைத்த கோலில் இரண்டு பாம்பு சுற்றிய படத்தையும் மருத்துவச் சின்னமாக நினைத்துக் கொண்டுவருகிறார்கள். அது கிரேக்க வணிகக் கடவுள் ஹெர்மீஸின் கோல். வைத்தியக் கடவுள் அஸ்க்லிபியஸின் கோலில் ஒரே பாம்பு, இறக்கை கிடையாது. 1902இல் அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு இரட்டைப் பாம்பை எடுத்துக்கொண்டதிலிருந்து குழப்பம் இன்னும் கூடிவிட்டது.

கடைசியாக கியூஆர். 2021 தொடக்கத்தில் மதுரைக் கல்யாணம் ஒன்றில் மொய்க்காகப் பத்திரிகையில் கியூஆர் அச்சிட்டது ஊரெல்லாம் செய்தியானது. அதிலிருந்து முத்திரைக்குள்ளும் அதைப் புகுத்தக் கேட்கிறார்கள். பணம் வாங்கும் கியூஆர் பத்திரிகையோடு நிற்கட்டும். அதற்குள் உங்கள் யுபிஐ ஐடி இருக்கிறது, பலருக்கு அது செல் நம்பரேதான். கேட்டில் மாட்டினால் மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகவும் ஒரு நிமிஷம் போதும்.

குடும்ப ஆல்பத்துக்கோ வம்ச வரலாற்றுக்கோ போடுவதாக இருந்தால், "ஸ்டாட்டிக்கா, டைனமிக்கா" என்று டிசைனரிடம் கேளுங்கள். ஸ்டாட்டிக்கில் நீங்கள் கொடுத்த முகவரி அந்தக் கட்டங்களிலேயே இருக்கும். டைனமிக் வேறொரு கம்பெனியின் சர்வர் வழியாகத்தான் போகும். சந்தா நின்றால் கல்லில் வெட்டியது வெறும் கட்டம்தான். நடுவில் முத்திரை வைக்க வேண்டுமென்றால் பிழைதிருத்தும் அளவை எச் (H) என்று வைக்கச் சொல்லுங்கள். சுமார் 30 சதவீதம் சிதைந்தாலும் படிக்கும். சுற்றி நாலு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் கட்டாயம். அரக்கு அட்டையில் தங்க ஃபாயில், பளபளக்கும் கறுப்பு கிரானைட் இரண்டிலும் வெளிச்சம் தெறித்துப் பல போன்கள் திணறும். அதே கல்லில் ஒரு துண்டு வாங்கி வெட்டச் சொல்லி, உச்சி வெயிலிலும் ராத்திரி கேட் லைட்டிலும் வீட்டில் இருப்பதிலேயே பழைய போனால் ஸ்கேன் பண்ணிப் பார்த்த பிறகு கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.