ஆப் பழுதாகல, சல்லிதான் போயிருச்சு

இந்த மாசமும் ஒரு அக்கா வந்தாங்க. தோட்டத்துல வேல விட்டு வந்த ஈபிஎஃப் சல்லியில பாதிய மகன் பேச்சக் கேட்டு ஏதோ கிரிப்டோ (இன்டர்நெட்ல மட்டும் ஓடுற டிஜிட்டல் காசு) ஆப்ல போட்டிருக்காங்க, இப்ப எடுக்கப் போனா "முதல்ல வரி கட்டுங்க"ன்னு வருதாம், "தம்பி, இந்த ஆப்ப கொஞ்சம் ரிப்பெயார் பண்ணித் தாங்க, உள்ளுக்கு 4,000 டொலர் கெடக்கு"ன்னு போன நீட்டுறாங்க. ஹட்டன்ல போன் கடை வச்சிருக்கிற எனக்கு இதக் கேட்டுக் கேட்டு மனசு விட்டுப் போச்சு.

ரிப்பெயார் பண்ண அதுல ஒண்ணும் இல்லக்கா. ஏமாத்துறதுக்குன்னே செஞ்ச ஆப் அது. ப்ளே ஸ்டோர்ல கூட இல்ல, வட்ஸ்அப்ல ஏபிகே பைலா அனுப்பி ஏத்த வச்சிருக்காங்க. அந்த 4,000 அவன் அடிச்சு வச்ச நம்பர். உங்க சல்லிய எடுத்து யூஎஸ்டிடின்னு டொலர் மதிப்புல ஓடுற ஒரு கிரிப்டோவ வாங்கி எப்பவோ நாடு தாண்ட அனுப்பியிருப்பான்.

இதச் சொன்னா எல்லாரும் ஒரே பதில்தான் சொல்றாங்க, "இல்ல தம்பி, முதல்ல 5,000 போட்டு 6,500 எடுத்தோமே, கைக்கு வந்துச்சே". இதத்தான் என்னால தாங்க ஏலல. வந்துச்சு, சரி, யாரு அனுப்புனதுன்னு பேங்க் மெசேஜப் பாத்தீங்களா? கம்பனி பேரு இருக்காது, முன்னப்பின்ன தெரியாத ஒரு ஆளோட பேரு இருக்கும். பதுளையிலயோ நாவலப்பிட்டியிலயோ உங்கள மாதிரி புதுசா சேந்த ஒருத்தரு போட்ட சல்லியா இருக்கும், இல்லாட்டி நீங்க போட்டதுலயே கொஞ்சத்தத் திருப்பி விட்டிருப்பான். அந்த 1,500 லாபம் இல்ல, நகைய அடகு வச்சு 3 லட்சம் போடுவீங்கன்னு அவன் போட்ட இரை. ஒருக்கா எடுத்துப் பாத்து வந்துச்சுங்கிறது எதுக்குமே அத்தாட்சி இல்லங்க, தயவு செஞ்சு வீட்ல இருக்கிறவங்களுக்கும் இதச் சொல்லுங்க. இதுல கமிஷனுக்காக சொந்தக்காரங்கள வேற சேத்து விடுறீங்க, ஒரு வீட்ல போட்டா லயம் முழுக்கப் பரவிருது. இப்படி ஆள் மேல ஆள் சேத்து அவங்க சல்லியிலயே ஓடுற பிரமிட் திட்டம் நடத்துறது மட்டுமில்ல, அத ப்ரமோட் பண்றதும் நம்ம நாட்டு பேங்கிங் சட்டத்துல குற்றம்.

மத்திய வங்கி ஓகே பண்ணுனதுன்னு ஒரு சர்டிபிகேட் காட்டுவாங்க, நம்பாதீங்க. மத்திய வங்கி 2018லயே கிரிப்டோ பத்தி எச்சரிச்சிருச்சு, 2021ல வந்த பணிப்புரைப்படி டெபிட், கிரெடிட் கார்ட்ல கிரிப்டோவுக்குக் கட்டவும் கூடாது. யாரோ தனி ஆளோட அக்கவுண்டுக்குப் போடச் சொல்லும்போதே நின்னுருக்கணும். தம்பிமாரே, மாசம் இவ்வளவு தாரோம்னு உங்க அக்கவுண்டக் கேட்டா குடுக்காதீங்க, ஏமாந்தவங்க சல்லி அது வழியாத்தான் போகும், அவங்க என்ட்ரி போட்டா பொலிஸ் முதல்ல தேடி வாறது உங்க வீட்டுக்குத்தான்.

நெசமாவே கிரிப்டோ வச்சிருக்கிற பிள்ளைங்களும் வாறாங்க. கிரிப்டோ வைக்கிற வொலெட் ஆப்பத் திறக்கிற சாவி மாதிரி குடுக்கிற 12 சொல்ல ஸ்கிரீன்ஷொட் எடுத்து கேலரியில வச்சுக்கிட்டு, லொக் நம்பரையும் கவர்ல எழுதி போன ரிப்பெயாருக்குக் குடுத்துட்டுப் போறீங்க. எனக்கும் குடுக்காதீங்க, எந்தக் கடைக்காரனுக்கும் குடுக்காதீங்க. அந்தச் சொல்லு யாரு கைக்குப் போனாலும் சல்லி அவனுக்குத்தான். பேப்பர்ல எழுதி வீட்ல பத்திரமா வைங்க. கிரிப்டோ அனுப்பும்போது முன்ன அனுப்புன லிஸ்ட்ல இருந்து வொலெட் அட்ரஸ கொப்பி பண்ணாதீங்க, முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே மாதிரி எழுத்து வாற கள்ள அட்ரஸ அதுக்குள்ள நுழைச்சு விடுறானுங்க, முழுசா வாசிங்க.

சல்லி போயிருச்சுன்னா ஆப்பையும் அவனோட பேசுன மெசேஜையும் அழிச்சிராதீங்க, எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துட்டு அன்னைக்கே பேங்குக்கு ஓடுங்க, பொலிஸ்ல என்ட்ரி போடுங்க, இன்டர்நெட் மோசடி முறைப்பாடு எடுக்கிற அரசாங்க நிறுவனம் இலங்கை சேர்ட், அவங்க நம்பர் 101க்கும் அடிங்க. வெக்கப்பட்டு ஒரு கிழமை கழிச்சு வந்தா ஒண்ணும் செய்ய ஏலாது. டெலிகிராம்ல "மீட்டுத் தாரோம்"னு ஒருத்தன் வருவான், முன்னுக்கே பீஸ் கேப்பான். 2025 பெப்ரவரியில பைபிட்ங்கிற பெரிய கிரிப்டோ வாங்கி விக்கிற கம்பனியில கிட்டத்தட்ட 150 கோடி டொலர் களவு போய் அவ்வளவு பெரிய கம்பனிக்கே பெரும்பகுதி திரும்பல, இவனா உங்களுக்கு எடுத்துத் தரப்போறான்? ஒரு சதமும் குடுக்காதீங்க.