ஏற்றத்தில் விட்ட நேரம் இறக்கத்தில் ஏன் திரும்புவதில்லை?

மலைச் சாலைக்கு முதல்முறை சைக்கிளோடு கிளம்புகிறவர்கள் மனதில் பெரும்பாலும் ஒரு கணக்கு இருக்கும். ஏறும்போது மெதுவாகத்தான் போகும், சரி. இறங்கும்போது பிய்த்துக்கொண்டு போகும். இரண்டையும் கூட்டிக் கழித்தால் சமதளத்தில் ஓட்டியதற்குச் சரியாக வந்துவிடும். கிளம்பிய இடத்துக்கே திரும்புகிறோம், ஏறிய உயரம் முழுவதையும் இறங்கிவிடுகிறோம், பிறகு கணக்கு எங்கே இடிக்கப் போகிறது என்று தோன்றும். ஆனால் இடிக்கிறது, அதுவும் பெரிய அளவில். எங்கே இடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் வழியைத் தேர்ந்தெடுப்பதும் ஓட்டும் முறையும் மாறிவிடும்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆள், சைக்கிள், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்ந்து 80 கிலோ. ஓரளவு பழகியவர், மணிக்கணக்கில் 150 வாட் சக்தியில் மிதிக்கக்கூடியவர். காற்று வீசாத, நல்ல தார் போட்ட சமதளச் சாலையில் இவர் மணிக்கு சுமார் 29 கி.மீ. போவார். அந்த வேகத்தில் அவர் மிதிக்கும் சக்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு எதிரே நிற்கும் காற்றை விலக்குவதற்கே போய்விடுகிறது. மிச்சத்தை டயரும் செயினும் தின்கின்றன.

அதே ஆளை 8 சதவீத ஏற்றத்தில் விடுவோம். அதாவது 100 மீட்டர் போனால் 8 மீட்டர் உயர்கிற சாலை. வேகம் மணிக்கு 8 கி.மீ.க்கும் கீழே இறங்கிவிடும். இப்போது அவருடைய சக்தியில் 90 சதவீதம் எடையை மேலே தூக்குவதற்குச் செலவாகிறது. காற்றுக்குப் போவது 1 சதவீதம் அளவுதான். எதிரி ஆளே மாறிவிட்டார் என்பதுதான் இங்கே முக்கியம். புவியீர்ப்பு நேர் கணக்கில் வேலை செய்யும்: பத்து சதவீதம் கூடுதலாக மிதித்தால் வேகமும் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும். காற்று அப்படி இல்லை. காற்றை எதிர்த்து வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும்.

இனி அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 10 கி.மீ. ஏற்றம், அதே வழியில் 10 கி.மீ. இறக்கம், சாய்வு 5 சதவீதம். ஏறும்போது நம் ஆள் மணிக்கு 11.4 கி.மீ. போவார், மேலே போய்ச் சேர 53 நிமிடம் ஆகும். இறங்கும்போது மிதிக்காமல் விட்டாலே வேகம் மணிக்கு 47 கி.மீ.யை எட்டும், 13 நிமிடத்தில் கீழே வந்துவிடலாம். மொத்தம் 66 நிமிடம். சமதளத்தில் இந்த 20 கி.மீ.க்கு 41 நிமிடம் போதும்.

அந்த 53ஐயும் 41ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலை உச்சியைத் தொடும்போதே சமதளத்துக்கான நேரம் முழுவதும் தீர்ந்து, அதற்கு மேலும் 12 நிமிடம் கடன் ஏறியிருக்கிறது. கண் மூடித் திறப்பதற்குள் கீழே வந்துவிட்டால்கூட அந்தக் கடனை அடைக்க முடியாது. ஏறும் வேகம் சமதள வேகத்தில் பாதிக்குக் கீழே போகும் எந்த மலையிலும் இதுதான் நடக்கும்.

அப்படியானால் ஏறும்போது சேர்த்த ஆற்றல் எங்கே போனது? 80 கிலோவை 500 மீட்டர் தூக்கியதில் ஏறத்தாழ 390 கிலோஜூல் சேமிப்பாகியிருக்கிறது. இறங்கும்போது வேகம் 47ஐ எட்டியதும் அதற்கு மேல் கூடுவதில்லை. புவியீர்ப்பு கொடுக்கும் அத்தனையையும் காற்றும் டயரும் எடுத்துக்கொள்கின்றன. மலை வாங்கியதைத் திருப்பித்தான் தருகிறது. நம் கைக்கு வருமுன் காற்று அதை வாங்கிக்கொள்கிறது.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் மிகவும் பயனுள்ளது. இறக்கத்தில் சும்மா வராமல் 150 வாட் போட்டு மிதித்தே வந்தார் என்று வைத்துக்கொள்வோம். வேகம் 47இலிருந்து 53க்குத்தான் போகும், மிச்சமாவது ஒன்றரை நிமிடம். அதே ஆள் இறக்கத்தில் காலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, ஏற்றத்தில் வெறும் 15 வாட் கூட்டி மிதித்தால் நாலு நிமிடத்துக்கு மேல் மிச்சம். செலவழித்த ஆற்றல் பாதிகூட இல்லை, பலன் இரண்டு மடங்குக்கு மேல். அனுபவசாலிகள் ஏற்றத்தில் கொஞ்சம் கூட்டி மிதித்து இறக்கத்தில் உடம்பைத் தாழ்த்திக்கொண்டு சும்மா வருவது இதனால்தான்.

எல்லா மேடும் மலை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் சைக்கிளிடம், அந்த வேகத்தை மட்டும் வைத்தே 6 மீட்டர் உயரம் ஏறும் அளவுக்கு ஆற்றல் இருக்கிறது. அதனால் ஓர் இறக்கம் முடிந்த உடனே சின்ன மேடு வந்தால், வந்த வேகத்திலேயே அதைத் தாண்டிவிடலாம். கோத்தகிரியிலிருந்து கொடநாடு போகும் சாலை மாதிரி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கிப் போகும் வழிகளில் இந்த வித்தை பல இடங்களில் பலிக்கும். ஆனால் பள்ளத்தில் ஒரு குறுகிய பாலமோ, வளைவோ, வேகத்தடையோ இருந்தால் போச்சு. பிரேக் பிடித்த நொடியில் அந்த ஆறு மீட்டரும் சூடாக மாறிக் காற்றோடு போய்விடும். அதனால் வழி தேடும்போது மொத்தத் தூரத்தை மட்டும் பார்த்தால் போதாது. மொத்த ஏற்றத்தைப் பார்க்க வேண்டும், அது எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

நீலகிரியில் நீண்ட ஏற்றம் பழக நினைப்பவருக்கு மேட்டுப்பாளையம் - கோத்தகிரி சாலையைத்தான் நான் முதலில் சொல்வேன். சுமார் 33 கி.மீ., கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். சராசரி 5 சதவீதத்துக்கும் குறைவு. நம் 150 வாட் ஆளுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதற்குள் பெடலில் அவர் செய்யும் வேலை சுமார் 1,500 கிலோஜூல். தசைகள் தாம் எரிக்கும் சத்தில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும், மிச்சமெல்லாம் சூடு. ஒரு கிலோகலோரி என்பது நாலு கிலோஜூலுக்குக் கொஞ்சம் மேல், ஆகவே உடம்பு எரிப்பது 1,400 கிலோகலோரியைத் தொடும். பலருக்கு ஒரு நாள் சாப்பாட்டில் பாதிக்கும் மேல் அது. ஏறும் வேகத்தில் முகத்தில் காற்றும் படாது என்பதால் அந்தச் சூடு முழுவதும் வியர்வையாகத்தான் வெளியேற வேண்டும். விடியுமுன் கிளம்புங்கள், வழியில் சாப்பிட்டுக்கொண்டே போங்கள். கோடை சீசனில் இந்த மலைப்பாதைகளில் ஒருவழிப் போக்குவரத்து ஏற்பாடு செய்வதுண்டு, அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்திலேயே கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மலை ரயில் ஏறுகிறது. அதன் அதிகபட்சச் சாய்வு 12 மீட்டருக்கு ஒரு மீட்டர், அதாவது 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் அந்தச் சாய்வைப் பிடித்து ஏற முடியாது என்பதால் நடுவே பல் சட்டம் போட்டு, எஞ்சினின் பல் சக்கரம் அதைக் கவ்வி ஏறும்படி செய்திருக்கிறார்கள். ரப்பர் டயருக்கு அந்தத் தொல்லை இல்லை. காய்ந்த தாரில் அதைப்போல இரண்டு மடங்கு செங்குத்தான சாலையையும் அது பிடித்துக்கொள்ளும்.

தடுமாறுவது கால்தான். கியர் இல்லாத பழைய சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொண்டால், 8 சதவீத ஏற்றத்தில் நம் ஆள் நிமிடத்துக்கு 24 சுற்றுதான் மிதிப்பார். ஒவ்வொரு சுற்றிலும் பெடலில் சராசரியாக 36 கிலோ எடை அளவுக்கு அழுத்த வேண்டும். முன்னால் 34, பின்னால் 32 பல் உள்ள கியரில் சுற்று 57 ஆகும், அழுத்தம் 15 கிலோவுக்கு இறங்கும். இரண்டிலும் சக்தி ஒன்றுதான், வேகமும் ஒன்றுதான். முதல் வகையில் முட்டி சீக்கிரமே முறையிட ஆரம்பித்துவிடும்.

கொண்டை ஊசி வளைவுகள் உயரத்தைக் குறைப்பதில்லை. அதே உயரத்தை அதிகத் தூரத்துக்குப் பரப்பிக் கொடுக்கின்றன. கொல்லிமலைச் சாலையில் 70 வளைவுகள் இருப்பது அதற்காகத்தான். ஆனால் வளைவுக்குள்ளேயே ஒரு சங்கதி ஒளிந்திருக்கிறது. உள் ஓரத்தின் ஆரம் 5 மீட்டர், வெளி ஓரத்தின் ஆரம் 11 மீட்டர், வளைவு முடிவதற்குள் சாலை 2 மீட்டர் உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள் ஓரமாகப் போனால் சாய்வு 13 சதவீதம், வெளி ஓரமாகப் போனால் 6 சதவீதம்கூட இல்லை. நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுவதால், ஏறும்போது இடது வளைவில் செங்குத்தான உள் ஓரம் நம் தலையில் விழும். அதற்காக எதிர்த் தடத்துக்குள் போகக் கூடாது, மேலிருந்து வருபவருக்கு நாம் தெரியவே மாட்டோம். வளைவுக்கு முன்பே ஒரு கியர் குறைத்துக்கொண்டால் போதும்.

கடைசியாக இறக்கத்தில் பிரேக். 8 சதவீத இறக்கத்தில் பயந்துகொண்டு மணிக்கு 25 கி.மீ.யிலேயே பிடித்துப் பிடித்து வந்தால், நொடிக்கு நொடி 330 வாட் அளவுக்குச் சூடு பிரேக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். சக்கரத்தின் விளிம்பை (ரிம்மை) அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் ரிம் கொதித்து, உள்ளே டியூபில் காற்றழுத்தம் ஏறி, டயர் வெடிக்கக்கூடும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளோடு இறங்கும் கல்லட்டிச் சாலையில் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போன கார்கள் பல. வெளியூர் வண்டிகள் அவ்வழியே இறங்கக் கட்டுப்பாடு வந்ததும் அதனால்தான். சைக்கிளுக்கு நல்ல முறை இது: நேர்ப் பாதையில் பிரேக்கை முழுவதும் விட்டுவிட்டு நிமிர்ந்து உட்காருங்கள், நெஞ்சில் மோதும் காற்று வேகத்தை இலவசமாகக் குறைக்கும், அந்த நேரத்தில் ரிம்மும் ஆறும். வளைவு வருமுன், சைக்கிள் நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் சில நொடி அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுத் திரும்புங்கள். ஈரமான நாளில் இந்த வேலையைப் பல மீட்டர் முன்னாலேயே தொடங்குங்கள். ரிம்மில் உள்ள தண்ணீரைத் துடைத்த பிறகே பிரேக் பிடிக்க ஆரம்பிக்கும்.