வெள்ளம் வடியும்போதுதான் கரை சரியும்

ஆறு நிறைந்து ஓடும்போது தண்ணீரின் அழுத்தமே கரையைத் தாங்கிப் பிடிக்கிறது. மட்டம் சட்டென இறங்கினால் அந்தத் தாங்கல் போய், ஊறிக் கனத்த மண் மட்டும் நிற்கிறது. கரை பெரும்பாலும் சரிவது அப்போதுதான். கரையோரமாக நீளவாக்கில் விரல் நுழையுமளவு வெடிப்பு தெரிந்தால் அங்கே மாடு கட்டாதீர்கள், மோட்டார் இறக்காதீர்கள்.

ஆற்றின் அடித்தரையான படுகை தாழத் தாழக் கரை உயரமாகும், கரைச் சரிவும் பெருகும். படுகை ஏன் தாழ்கிறது? ஒரு கைப்பிடி ஆற்றுமண்ணைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிந்துவிடும். வண்டல் படியச் சில மணி நேரம் ஆகும். களி மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். ஆற்றிலும் இப்படித்தான்: களியும் வண்டலும் மிதந்தே போகும், மணலில் பெரும்பகுதி தரையோடு உருண்டும் துள்ளியும் நகரும். அதனால் அணை முதலில் பிடித்து வைப்பது மணலைத்தான். 1934 முதல் மேட்டூருக்கு மேலிருந்து வரும் காவிரி மணல் நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது. மதகு வழியே வரும் தெளிந்த தண்ணீருக்குச் சுமை இல்லை. அந்தத் தெம்பில் அது கீழ்ப்படுகையை அரிக்கிறது.

இதோடு மணலையும் அள்ளினால் சேதம் குழியோடு நிற்காது. குழியின் மேல்விளிம்பில் தண்ணீர் வேகமாக இறங்கி அந்த விளிம்பையே அறுக்கும். அறுப்பு ஆற்றின் மேல்திசை நோக்கி ஏறிக்கொண்டே போகும். கீழ்ப்பக்கமும் தப்பாது: உருண்டு வரும் மணல் குழியில் விழுந்துவிட, அதைத் தாண்டும் தண்ணீர் மறுபடி வெறுங்கையோடு போய் அரிக்கும். ஓரிடத்தில் அள்ளிய மணலுக்கு வேறிடத்துப் பாலம் விலை கொடுக்கிறது என்பது இதனால்தான்.

படுகை மட்டம் ஆற்றின் போக்கையே மாற்றக்கூடியது. திருச்சி அருகே முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடத்தின் படுகைக்குச் சாய்வு அதிகம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஆழமாகித் தண்ணீரை இழுத்துக்கொள்ள, காவிரிக் கிளை மணலால் மேடிட்டுத் தஞ்சைப் பாசனம் தவித்தது. 1836இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டியது அதைச் சரிசெய்யத்தான்.

உங்கள் ஊர்ப் பாலத்தூணைப் பாருங்கள். மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டிய அடித்தளம் வெளியே தெரிகிறதா? படித்துறையின் கடைசிப் படி அந்தரத்தில் நிற்கிறதா? ஆண்டுதோறும் கோடையில் அதே இடத்தில் நின்று, தூணோடு அளவுகோல் வைத்து, தேதி தெரியப் படம் எடுங்கள். இரண்டு மூன்று ஆண்டுப் படங்களை அடுத்தடுத்து ஒட்டி, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவோடு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.