எந்தப் படையின் பயிற்சி மிகக் கடினம்? உடம்பைக் கேட்டுப் பார்க்கலாம்

சிங்கப்பூரில் தேசிய சேவைக்குப் (கட்டாயப் படைச் சேவை) போகவிருக்கும் பையன்கள் நாலு பேர் கூடினால் இந்தச் சண்டை எப்படியும் வந்துவிடும். சிறப்புப் படைகளில் அமெரிக்கக் கடற்படையின் நேவி சீல் பெரிதா, பிரிட்டிஷ் ராணுவத்தின் எஸ்ஏஎஸ் பெரிதா, நம்ம ஹெண்டன் முகாம் கமாண்டோக்களுக்கு எந்த இடம்? எல்லாரும் கையில் எடுப்பது ஒரே எண்ணைத்தான்: பாதியில் விலகியவர்களின் விழுக்காடு. சீல் பயிற்சியில் சேரும் 100 பேரில் 70, 80 பேர் முடிக்காமலே திரும்பிவிடுகிறார்கள், ஆகவே அதுதான் கடினம் என்று கணக்கை முடித்துவிடுவார்கள்.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. வாசலில் யாரை உள்ளே விட்டார்கள் என்பதும் அந்த விழுக்காட்டுக்குள் கலந்திருக்கிறது. 'எங்கள் மாணவர்கள் அத்தனை பேரும் ஏ' என்று விளம்பரம் போடும் துணைப்பாட நிலையம், நல்ல மதிப்பெண் வாங்குபவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டிருக்கலாம் அல்லவா? உடற்தகுதித் தேர்வில் தேறினால், படை அனுபவமே இல்லாத இளைஞர்கூட சீல் பயிற்சிக்குப் போகலாம். எஸ்ஏஎஸ் தேர்வுக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே சிப்பாய்கள். இங்கேயோ, கமாண்டோவுக்கும் கடற்படை முக்குளிப்புப் பிரிவுக்கும் ஏற்றவர்களைச் சேவையில் சேரும் முன்பே சோதித்து வடிகட்டிவிடுகிறார்கள். உள்ளே வந்தபின் சிலரே விலகினால், பயிற்சி லேசானது என்று அர்த்தமில்லை. சரி, விழுக்காட்டை ஓரமாக வைத்துவிட்டு, உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் குளிர். கலிபோர்னியாவின் கொரோனாடோ கடற்கரையில் சீல் பயிற்சிக்கு வந்தவர்கள் கை கோத்தபடி, அலை வந்து மோதும் இடத்தில் மல்லாந்து கிடக்க வேண்டும். கேட்பதற்குப் பெரிய வதையாகத் தெரியாது. ஆனால் நீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். குளிர்காலத்தில் அங்கே கடல்நீர் 15 டிகிரி வாக்கில் இருக்கும். உடல் முதலில் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், அப்புறம் தசைகளை நடுங்க வைத்து வெப்பம் உண்டாக்கும். அந்த நடுக்கத்துக்கும் எரிபொருள் வேண்டும். உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் விரல் சொன்ன பேச்சைக் கேட்காது, நாக்கு குழறும், புத்தி மந்தமாகும்.

இதையே ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் வைத்தால்? நம் கடல் 29 டிகிரி, ஒன்றும் ஆகாது என்று தோன்றும். ஆனால் சும்மா கிடக்கும் உடல் தண்ணீரில் வெப்பத்தை இழக்காமல் இருக்க வேண்டுமானால் அந்த நீர் 33 முதல் 35 டிகிரி வரை இருக்க வேண்டும். ஆகவே நம் கடலும் வெப்பத்தை உறிஞ்சும், நிதானமாக. இரவெல்லாம் அதில் கிடந்தால் இங்கேயும் நடுக்கம் எடுக்கும், நேரம்தான் கூடுதலாகும்.

சிங்கப்பூரில் பயப்பட வேண்டியது வெப்பத்துக்கு. தசை செலவழிக்கும் ஆற்றலில் கால் பங்கு வேலையாக மாறினாலே அதிகம், மிச்சமெல்லாம் வெப்பம். முதுகுப்பையும் துப்பாக்கியுமாக வேகமாக நடப்பவரின் உடலில் 500 வாட் அளவுக்கு வெப்பம் பிறக்கும். அதில் 400 வாட் வெளியேற முடியாமல் உள்ளேயே தங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 கிலோ உடலை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 245 கிலோஜூல் போதும். வகுத்துப் பார்த்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி. 37-இல் கிளம்பியவர் அரை மணி நேரத்தில் 40-ஐத் தொட்டுவிடுவார். வெப்பத்தாக்கம் அந்த எல்லையில்தான் ஆரம்பிக்கிறது.

உடலுக்கு இருக்கும் பெரிய வடிகால் வியர்வை. ஒரு லிட்டர் ஆவியானால் கிட்டத்தட்ட 2,400 கிலோஜூல் வெளியே போகும். ஆவியானால்தான் போகும். சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊரில் வியர்வை ஆவியாவதற்குப் பதில் சொட்டுகிறது. நீரும் உப்பும் போயிற்று, உடல் குளிரவுமில்லை. அதனால்தான் இங்கே முகாம்களில் நிழலில் எத்தனை டிகிரி என்று பார்த்து முடிவெடுப்பதில்லை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 பங்கு, வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்கு 20 பங்கு, சாதாரண வெப்பமானிக்கு 10 பங்கு என்று சேர்த்து ஒரே எண்ணாக்குகிறார்கள். அந்த எண் ஏற ஏற நிறக்குறியீடு மாறும், பயிற்சி நேரம் குறைந்து ஓய்வு நீளும். நடுவில் குளிர்ந்த நீர்த் தொட்டியில் முழங்கைவரை கையை முக்கி உட்கார வைப்பதும் உண்டு. விளையாட்டாகத் தெரியும், ஆனால் சூடேறிய உடலில் கைகளின் தோலுக்கு ரத்தம் ஏராளமாக ஓடுகிறது. அந்த ரத்தம் குளிர்ந்து உள்ளே திரும்புகிறது.

இத்தனை இருந்தும் 2018 ஏப்ரலில் பிடோக் முகாமில் 8 கிலோமீட்டர் வேகநடையை முடித்த ஒரு முழுநேர தேசிய சேவையாளர் வெப்பத்தாக்கத்துக்கு உள்ளாகி, சில நாள் கழித்து இறந்தார். 2013 ஜூலையில் வேல்ஸின் ப்ரெக்கன் பீக்கன்ஸ் மலைகளில் எஸ்ஏஎஸ் ரிசர்வ் தேர்வு நடையின்போது மூன்று பேரின் உயிர் போனது. அன்று அங்கே வெப்பம் 30 டிகிரியை ஒட்டித்தான் இருந்தது, நாம் சாதாரண நாள் என்று சொல்லும் வெயில். மரண விசாரணையில் ஏற்பாட்டாளர்களின் கவனக்குறைவு வெளிப்பட்டது. எனக்கு இதில் உறுத்துவது இன்னொன்று. இந்தத் தேர்வுகள் தேடுவது, உடல் 'போதும்' என்று கெஞ்சினாலும் நிற்காத ஆளை. வெப்பத்தில் அந்தக் கெஞ்சல்தான் பாதுகாப்பு. அதை அடக்கத் தெரிந்தவருக்குத்தான் ஆபத்தும் அதிகம்.

பசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்க ரேஞ்சர் பள்ளியின் இரண்டு மாதப் பயிற்சியை 1990-களின் தொடக்கத்தில் ஆராய்ந்தார்கள். முடித்தவர்கள் சராசரியாகத் தங்கள் எடையில் 15 விழுக்காட்டுக்கு மேல் இழந்திருந்தார்கள். உடல் கொழுப்பு 6 விழுக்காட்டுக்கு அருகில் வந்திருந்தது, ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோன் அடியோடு சரிந்திருந்தது.

மனத்தை உடைப்பதற்கு வேறு வழி இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் சிறப்புப் படையான டெல்டா ஃபோர்ஸின் தேர்வில் கடைசி நடை சுமார் 64 கிலோமீட்டர். எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள். முடிவு தெரிந்தால் மனிதன் பலத்தைப் பங்கிட்டுச் செலவு செய்வான். தெரியாவிட்டால் தன் சந்தேகத்தோடும் சேர்ந்து நடக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு வாக்கில் சார்ல்ஸ் மோர்கன் என்ற மனநல மருத்துவர், போர்க்கைதி போல நடத்தி விசாரிக்கும் பயிற்சியில் வீரர்களின் ரத்தத்தைச் சோதித்தார். பதற்றத்தைத் தணிக்கும் நியூரோபெப்டைட் ஒய் என்ற பொருள் சிறப்புப் படையினரிடம் மற்றவர்களைவிட அதிகமாகச் சுரந்தது. ஒரு நாள் கழித்து அவர்களிடம் அது பழைய அளவுக்கு வந்துவிட்டது. மற்றவர்களிடம் பழைய அளவுக்கும் கீழே கிடந்தது.

வரிசைப்படுத்தியே ஆக வேண்டும் என்றால், உடல் பழகிக்கொள்ளுமா என்பதை வைத்துத்தான் நான் வரிசைப்படுத்துவேன். வெப்பத்துக்கு இரண்டு வாரத்தில் உடல் ஓரளவு பழகும்: ரத்தத்தில் நீர்மம் கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும். குளிருக்குக் கொஞ்சம் பழகும். தூக்கமின்மைக்குப் பழகவே பழகாது. 17 மணி நேரம் விழித்திருந்தால் ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பதற்குச் சமமான தடுமாற்றம், 24 மணி நேரத்தில் 0.10. சிங்கப்பூரில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 0.08. சீல் பயிற்சியின் 'நரக வாரம்' ஐந்தரை நாள், அதில் மொத்தத் தூக்கமே ஏறக்குறைய நாலு மணி நேரம். குளிரையும் அதன்மேல் ஏற்றுகிறார்கள். அந்த ஒரு வாரத்துக்கு முதலிடம் கொடுக்க எனக்குத் தயக்கமில்லை.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நம் ஊரிலேயே ஓர் இரவு இருக்கிறது. 1991 மார்ச் 26 அன்று கடத்தப்பட்ட சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ 117 விமானம் இரவு பத்தரை மணி வாக்கில் சாங்கியில் இறங்கியது. கமாண்டோக்களின் சிறப்பு நடவடிக்கைப் படை உள்ளே புகுந்தது மறுநாள் காலை ஏழு மணியை நெருங்கும்போது, அதாவது பேச்சுவார்த்தை ஒரு முழு இரவை விழுங்கிய பிறகு. ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த விமானத்துக்குள் யாரைச் சுடுவது, யாரைச் சுடக் கூடாது என்று பிரித்துப் பார்த்து வேலையை முடிக்க அவர்களுக்கு ஆனது சுமார் 30 விநாடி. நான்கு கடத்தல்காரர்களும் மாண்டார்கள். பயணிகள், சிப்பந்திகள் எல்லாரும் உயிரோடு இறங்கினார்கள்.