துவர்ப்பைத் தணிக்கும் தணல்

நெல்லிக்காயைத் தின்றுவிட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் தொண்டை இனிக்கும். பச்சைத் தேநீருக்கும் கறுப்புத் தேநீருக்கும் இடைப்பட்ட வகை ஊலாங். நன்றாக வறுத்த ஊலாங் தேநீரிலும் அதற்கு நெருக்கமான ஓர் இனிப்பு உண்டு. சர்க்கரை போடாமலே, விழுங்கி முடித்த பிறகு, அடித்தொண்டையிலிருந்து மெல்ல ஏறிவரும். சீனமொழி பேசுகிறவர்கள் அதை ‘ஹுய்கான்’ என்பார்கள், திரும்பி வரும் இனிப்பு என்ற பொருளில். இலையை மணிக்கணக்கில் தணலில் வாட்டினால் கசப்புதானே ஏற வேண்டும்?

தைவானின் நடுப்பகுதியில், நந்தோ மாவட்டத்து லூகு என்ற மலையூரில் செய்யப்படும் டோங் டிங் ஊலாங்கை எடுத்துக்கொள்வோம். பறித்த இலையை வெயிலில் வாடவிட்டு, மூங்கில் தட்டுகளில் திரும்பத் திரும்பக் குலுக்குகிறார்கள். இலையின் ஓரங்கள் நசுங்கும். அந்தக் காயத்தில் நொதிகள் வேலையைத் தொடங்க, ஓரம் சிவக்கிறது. அடிபட்ட இலை சும்மா இருப்பதில்லை. நெரோலிடால், இண்டோல் போன்ற மணப்பொருள்களைத் தானே உண்டாக்குகிறது. இண்டோல் மல்லிகைப் பூவிலும் இருப்பதுதான். ஆக, ஊலாங்கின் பூவாசனை வெளியிலிருந்து சேர்த்தது அல்ல. பாதி வழியில் சூடுகாட்டி நொதிகளை நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் துணியில் கட்டிப் பலமுறை உருட்டினால், இலை சிறு மணிகளாகச் சுருண்டுகொள்ளும்.

இதற்குப் பிறகுதான் நெருப்பு. பழைய முறையில் லாங்கன் என்ற பழமரத்தின் கரியைப் புகை அடங்கும்வரை எரித்து, மேலே சாம்பலைப் போர்த்தி, அதன்மேல் மூங்கில் கூடையில் இலையைப் பரப்புவார்கள். இன்று மின்அடுப்புகள்தாம் அதிகம். வெப்பம் ஏறத்தாழ 80 முதல் 140 டிகிரி செல்சியஸ். சில மணி நேரம் வாட்டுவது, ஆறவிடுவது, மீண்டும் வாட்டுவது என்று வேலை பல நாள் இழுக்கும். காரணம் அந்தச் சுருண்ட மணிதான். அதன் உள்ளேயும் காம்பிலும் ஈரம் ஒளிந்திருக்கும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் வெளியே கருகும், உள்ளே பச்சையாகவே நிற்கும். ஆறவிடும்போது உள்ளிருக்கும் ஈரம் வெளியே பரவ, அடுத்த சூடு அதை எடுத்துவிடும்.

துவர்ப்பு என்பது சுவை என்பதைவிடத் தொடு உணர்வு. தேயிலையில் உள்ள கேட்டகின்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் எச்சிலில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்ள, எச்சிலின் வழவழப்பு போய் நாக்கு வறண்டு இழுக்கிறது. பாக்கு மெல்லும்போதும் இதேதான். மெதுவான சூட்டில் இந்தக் கேட்டகின்களில் ஒரு பகுதி உருமாறும், ஒரு பகுதி ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். துவர்ப்பின் கூர்மை மழுங்கும். காஃபின் பெரும்பாலும் அப்படியே இருப்பதால் கசப்பு முழுவதும் போகாது. வறுத்த ஊலாங் தூக்கத்தைக் கெடுக்காது என்று நம்பி இரவில் குடிக்க வேண்டாம்.

அதே வேளையில் தியானைன் முதலிய அமினோ அமிலங்கள் சர்க்கரைகளோடு வினைபுரிகின்றன. தோசை முறுகுவதற்கும் வேர்க்கடலை வறுபட்டு மணப்பதற்கும் காரணமான மெயிலார்டு வினைதான் இங்கேயும். வறுபட்ட வாசனை தரும் பைரசின்கள் இதில் பிறக்கின்றன. மூக்கு இதைக் கருப்பட்டி, வறுகடலை என்று அடையாளம் காணும். விழுங்கும்போது இந்த மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிறது. துவர்ப்பு விலகும் அதே நேரத்தில் நாம் உணரும் இனிப்பில் இதற்கும் பெரிய பங்கு உண்டு என்பேன்.

சரி, குடிப்பது எப்படி? 100 மில்லிலிட்டர் கொள்ளும் மூடிபோட்ட சிறு கோப்பையில் 5 கிராம் இலை. நன்கு கொதித்த தண்ணீர். ஆறின தண்ணீரில் இந்த மணிகள் சரியாக விரியாது. முதல் ஊற்று அரை நிமிடம் போதும். அதே இலையில் ஐந்தாறு முறை ஊற்றலாம், போகப்போக நேரத்தைக் கூட்டிக்கொண்டே. முதல் ஊற்றில் நெருப்புதான் தெரியும். மூன்றாவதிலேதான் நெருப்புக்கு அடியில் இருக்கும் பூவும் பழமும் எட்டிப்பார்க்கும். அவசரக்காரர்கள் அதற்குள் இலையைக் கொட்டிவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். குடித்து முடித்த கோப்பை ஆறியதும் அதை முகர்ந்து பாருங்கள். தேன் போன்ற வாசனை அங்கே தங்கியிருக்கும்.

தரம் பார்ப்பவர்கள் நேர்மாறாகச் செய்கிறார்கள். 3 கிராம் இலையை 150 மில்லிலிட்டர் கொதிநீரில் ஐந்தாறு நிமிடம் அப்படியே ஊறவிடுவார்கள். ருசிக்காக அல்ல, குறை எதுவும் ஒளிந்துகொள்ள முடியாமல் செய்வதற்காக. மட்டமான இலையைக் கடுமையாக வறுத்து மறைப்பது தேயிலை வியாபாரத்தில் பழைய வித்தை.

புதிதாக வறுத்ததை உடனே குடித்து ஏமாறவும் வேண்டாம். தணலை விட்டு இறங்கியவுடன் கரிந்த நெடிதான் முன்னால் நிற்கும். சில வாரங்கள் மூடிவைத்தால் அந்த நெடி மெல்லக் கலைந்து போகும். ‘நெருப்பு இறங்குவது’ என்று இதற்கு அங்கே பெயரே உண்டு. எனக்குப் பிடிக்காமல் அலமாரியில் தள்ளிவைத்த ஒரு பொட்டலத்தை இரண்டு மாதம் கழித்துப் பிரித்தேன். அதே இலைதானா என்று உறையை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

கடைசி ஊற்றுக்குப் பிறகு இலையை ஒரு வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். பக்குவமாக வறுபட்டது விரல் பட்டதும் விரிந்து, சிவந்த ஓரத்தைக் காட்டும். கரியாகிப் போனது எத்தனை முறை கொதிநீர் ஊற்றியிருந்தாலும் சுருண்டே கிடக்கும்.