திரையில் 420, உள்ளே எவ்வளவு?

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் டைஜஸ்டர் திரையில் 420 டிகிரி சரியாகவே காட்டுகிறது. எர்ரர் எதுவும் வரவில்லை. ஆனால் கொஞ்ச நாளாகப் புரத அளவு குறைவாகவே வருகிறது. ஹீட்டரை மாற்றிவிடலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். ஹீட்டர் மேல் பழி போடுவதற்கு முன் அந்த 420 எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

டைஜஸ்டர் என்பது உணவு மாதிரியை அமிலத்தில் காய்ச்சிச் சிதைக்கும் கருவி. அது செய்யும் வேலை பள்ளி வேதியியல்தான். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் இருந்த யோஹான் கெல்டால் 1883-இல் வெளியிட்ட முறை. மாதிரியை அடர் கந்தக அமிலத்தில் போட்டுக் காய்ச்சினால் கரிமப் பொருளெல்லாம் சிதைந்துபோகும். புரதத்தில் இருந்த நைட்ரஜன் மட்டும் அம்மோனியம் சல்ஃபேட்டாக அமிலத்திலேயே தங்கிவிடும். பிறகு காரம் ஊற்றி, அம்மோனியாவைக் காய்ச்சி வடித்துப் பிடித்து, டைட்ரேட் செய்து (அளவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு எவ்வளவு என்று கணக்கிட்டு), கிடைத்த நைட்ரஜனை 6.25 ஆல் (பாலுக்கு 6.38 ஆல்) பெருக்கினால் புரதம். அன்று கையால் செய்ததை இன்று துளைகள் போட்ட அலுமினியக் கட்டியும் சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரும் பம்புகளும் செய்கின்றன. வேறொன்றும் பெரிதாக மாறவில்லை.

இதில் சூடு ஏன் அவ்வளவு முக்கியம்? அடர் கந்தக அமிலம் 337 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். சில அமினோ அமிலங்களை உடைக்க அந்தச் சூடு போதாது. அதனால்தான் பொட்டாசியம் சல்ஃபேட் சேர்க்கிறோம். உப்பு கூடக் கூடக் கொதிநிலையும் ஏறும். கட்டி குளிர்ந்திருந்தால் சிதைவு பாதியில் நிற்கும், நைட்ரஜன் குறையும். இது எல்லோருக்கும் தெரியும். பலர் யோசிக்காதது மறுபக்கம்: கட்டி அளவுக்கு மீறிச் சூடானாலும் நைட்ரஜன் குறையும். அமிலம் வேகமாக ஆவியாகிப் போக, மிச்சமிருப்பதில் உப்பின் அடர்வு ஏற, கலவையின் சூடு இன்னும் கூடி, கடைசியில் அம்மோனியம் சல்ஃபேட்டே உடைந்து நைட்ரஜன் புகையோடு போய்விடும். ஆக, புரதம் குறைந்தால் சூடு போதவில்லை என்று அர்த்தமில்லை. சூடு கூடிப்போயும் இருக்கலாம்.

எது என்று கண்டுபிடிக்க வேதியியலே ஒரு வழி தருகிறது. உடைவதற்கு அடம் பிடிக்கும் டிரிப்டோஃபேனைச் சர்க்கரையோடு சேர்த்துச் செரிக்க விடுங்கள். அதிலுள்ள நைட்ரஜனில் குறைந்தது 98 விழுக்காடாவது திரும்பக் கிடைக்க வேண்டும். இன்னொரு குழாயில் அம்மோனியம் சல்ஃபேட்டும் சர்க்கரையும். இதில் உடைக்க எதுவுமில்லை, எனவே 99 விழுக்காடு வர வேண்டும். முதலாவது மட்டும் குறைந்தால் சூடு போதவில்லை. இரண்டாவதும் குறைந்தால் நைட்ரஜன் எங்கோ தப்பிப் போகிறது. அதிகச் சூட்டைச் சந்தேகிக்கலாம். ஆனால் அதே அம்மோனியம் சல்ஃபேட்டைச் செரிக்காமல் நேராக வடித்துப் பார்த்து, வடிப்பானில் கசிவில்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சரி, திரை 420 என்று சொல்லும்போது கட்டி எப்படி வேறு சூட்டில் இருக்கும்? எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

கருவிக்குச் சூட்டைப் பற்றி எதுவுமே தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரு பிளாட்டினக் கம்பியின் மின்தடை மட்டும். உலோகம் சூடானால் மின்தடை கூடும் என்பதை வைத்து வெப்பமானி செய்யலாம் என்று வில்லியம் சீமென்ஸ் 1871-இல் சொன்னார். ஆனால் அவர் செய்த வெப்பமானிகள் நிலையாக நிற்கவில்லை. மாசுபடாமலும் முறுக்கேறாமலும் பார்த்துக்கொண்டால் பிளாட்டினத்தை நம்பலாம் என்று ஹியூ காலண்டர் 1887-இல் காட்டினார். அதன் வாரிசுதான் இன்று பல கருவிகளில் சென்சாராக இருக்கும் பிடி-100. பூஜ்ஜியம் டிகிரியில் 100 ஓம், நூறு டிகிரியில் 138.5 ஓம், 420 டிகிரியில் ஏறத்தாழ 254 ஓம். கன்ட்ரோலர் 254 ஓமைப் பார்த்தால் திரையில் 420 என்று எழுதும். அந்த ஓம் பிளாட்டினத்திலிருந்து வந்ததா, துருப்பிடித்த திருகிலிருந்து வந்ததா என்று அது கேட்பதில்லை.

சென்சாரிலிருந்து கன்ட்ரோலர் வரை ஓடும் ஒயருக்கும் தடை உண்டு. அதைக் கழிக்கத்தான் மூன்று ஒயர். பிளாட்டினத்தின் ஒரு முனையில் ஒரு ஒயர். அதை முதல் ஒயர் என்று வைத்துக்கொள்வோம். மறுமுனையில் இரண்டு: இரண்டாவது, மூன்றாவது. கன்ட்ரோலர் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையே அளக்கிறது; அதில் பிளாட்டினமும் இரண்டு ஒயர்களும் சேர்ந்திருக்கும். பிறகு இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே அளக்கிறது. அதில் வெறும் ஒயர்கள் மட்டும். காலிப் பாத்திரத்தைத் தனியாக எடை போட்டுக் கழிப்பது போல, இரண்டாவது அளவை முதல் அளவிலிருந்து கழித்துவிடுகிறது. மூன்று ஒயரும் ஒரே நீளம், ஒரே தடிமன் என்றால் ஒயரின் தடை துப்புரவாகக் காணாமல் போகும், பிளாட்டினம் மட்டும் மிஞ்சும். அழகான தந்திரம்.

இப்போது அமிலப் புகை உள்ளே புகுந்து ஒரு டெர்மினலை (ஒயரைத் திருகால் இறுக்கும் முனையை) மட்டும் அரித்துவிட்டது, அங்கே 10 ஓம் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் திருகு? அதைப் பொறுத்துத்தான் எல்லாம். முதல் ஒயரின் திருகு என்றால் அந்த 10 ஓம் கழிபடாமல் அப்படியே கணக்கில் சேரும். கன்ட்ரோலர் 254 ஓம் வந்துவிட்டது என்று ஹீட்டரை அடக்கும்போது பிளாட்டினத்தின் பங்கு 244 ஓம்தான். கட்டி 391 டிகிரியில் நிற்கும். மூன்றாவது ஒயரின் திருகு என்றால் அதே 10 ஓம் கழிவுப் பக்கத்தில் விழும். கட்டி 450 டிகிரியை எட்டும்வரை ஹீட்டர் ஓயாது. இரண்டாவது ஒயரின் திருகு என்றால் இரண்டு அளவிலும் அது சமமாக இருப்பதால் அடிபட்டுப் போகும், ஒன்றுமே நடக்காது. ஒரே துரு, மூன்று விதமான விளைவு. மூன்றிலும் திரை 420-ஐத்தான் காட்டும்.

இதைப் பிடிக்கக் காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. இரவு முழுக்க அணைந்து கிடந்த கருவியைக் காலையில் முதல் ஆளாகப் போய் ஆன் செய்யுங்கள், ஹீட்டரைத் தொடாதீர்கள். கட்டி அறையின் சூட்டில்தான் இருந்தாக வேண்டும். சுவரில் தொங்கும் வெப்பமானி 27 என்கிறது, கருவியும் ஏறத்தாழ 27 என்கிறது என்றால் நல்லது. கருவி 53 காட்டினால் முதல் ஒயரின் திருகைப் பாருங்கள். ஒரு டிகிரி காட்டினால் மூன்றாவதை. சில திருகுகள் குளிரில் ஒழுங்காக இருந்துவிட்டு, சூட்டில் உலோகம் விரியும்போது மட்டும் சேட்டை செய்யும். அதனால் காலையில் தேறிவிட்டது என்று முழுதாக நம்பிவிடவும் கூடாது. சந்தேகம் தீரவில்லையா, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுச் சென்சாரின் ஒயர்களைக் கன்ட்ரோலரிலிருந்து கழற்றி, அவற்றின் இடத்தில் துல்லியமான 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மூன்று ஒயர் முறையிலேயே மாட்டுங்கள். மறுபடி ஆன் செய்தால் திரை பூஜ்ஜியம் காட்ட வேண்டும். காட்டினால் கன்ட்ரோலர் யோக்கியம். தப்பு சென்சாரிலோ அதன் ஒயரிலோதான்.

பல இடங்களில் இதைச் செய்வதில்லை. கன்ட்ரோலரில் ஆஃப்செட் என்று ஒரு வசதி இருக்கிறது. 26 டிகிரி கூடக் காட்டுகிறதா, மைனஸ் 26 போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். திருகை இறுக்க வேண்டிய இடத்தில் எண்ணைத் திருத்துவதை நான் பழுது பார்த்ததாகச் சேர்க்க மாட்டேன். துரு அங்கேயே நிற்பதில்லை, அடுத்த மாதம் 15 ஓம் ஆகும். இதற்கு ஊழியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கருவி வாங்க நிதி கேட்டால் கையெழுத்து விழுந்துவிடும், படம் எடுத்துத் திறப்பு விழாவும் நடக்கும். வருடத்துக்கு ஒருமுறை திருகை மாற்றவும் அளவுத்திருத்தம் செய்யவும் கேட்டால் கோப்பு நகராது. பராமரிப்புக்கும் சேர்த்து ஒதுக்காத ஆராய்ச்சி நிதி அரைகுறை நிதிதான்.

இன்னொன்று, ஆய்வக மூடநம்பிக்கை. "அந்த ஓரத்துக் குழிக்கு ராசியில்லை, அதில் முக்கியமான மாதிரி வைக்காதே" என்று புதிதாக வருபவருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். ராசிக்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறது. கட்டிக்குள் ஹீட்டர் ஒன்றல்ல, பல குச்சிகள் இணையாக ஓடும். ஓரத்துக் குச்சி ஒன்று செத்தாலும் நடுவில் இருக்கும் சென்சார் 420-ஐ எட்டிவிடும். ஓரம் மட்டும் குளிர்ந்திருக்கும். 230 வோல்ட்டில் 500 வாட் குச்சிகள் நான்கு என்றால் மொத்தத் தடை 26 ஓமுக்குச் சற்று மேல். மல்டிமீட்டர் 35 காட்டினால் ஒன்று போய்விட்டது. மல்டிமீட்டர் எடுக்கும் முன்பே ஒரு தடயம் கிடைக்கும்: கருவி 420-ஐ எட்ட முன்னைவிட அதிக நேரம் எடுக்கும். வாசகர் கேட்ட ஹீட்டர் மாற்றம் இந்த இடத்தில்தான் நியாயம், அதுவும் செத்த குச்சியை மட்டும்.

ஹீட்டரை இயக்கும் மின்னணு சுவிட்சான சாலிட் ஸ்டேட் ரிலே, அதாவது எஸ்எஸ்ஆர், கெடும்போது பெரும்பாலும் மூடிய நிலையிலேயே கெடும். கன்ட்ரோலர் நிறுத்து என்றாலும் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் தனியாக ஒரு பாதுகாப்புத் தெர்மோஸ்டாட் வைத்து, அதை மனிதக் கை அழுத்தினால்தான் மீளும்படி செய்திருக்கிறார்கள். அந்த ரீசெட் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திக் காலத்தை ஓட்டாதீர்கள். எஸ்எஸ்ஆரைச் சோதிக்கும்போது ஒரு பொறி உண்டு: ஹீட்டரைக் கழற்றிவிட்டு வெளிமுனையில் வோல்ட் பார்த்தால், அணைந்திருக்கும் நல்ல எஸ்எஸ்ஆர்கூடக் கிட்டத்தட்ட முழு மின்னழுத்தத்தைக் காட்டும். உள்ளே கசியும் சில மில்லி ஆம்பியரே மல்டிமீட்டரை ஏமாற்றப் போதும். இப்படிக் குப்பைக்குப் போன நல்ல எஸ்எஸ்ஆர்கள் ஏராளம். மின்வேலை தெரிந்தவரை வைத்து ஹீட்டர் இடத்தில் பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டிப் பாருங்கள். கன்ட்ரோலர் அணைக்கச் சொல்லும்போது பல்பு இருண்டுவிட்டால் எஸ்எஸ்ஆரில் கோளாறில்லை. அப்போதும் முழுதாக எரிந்தால் அதை மாற்றிவிட வேண்டியதுதான்.